எண்ணிக்கை கூடிவிட்டால் காப்பாற்றியாகிவிட்டதா? அருகிவரும் உயிரினங்கள் எப்படி மீள்கின்றன

அரிய விலங்கு ஒன்று குட்டி போட்டதாகச் செய்தி வந்தால் போதும், "அப்பாடா, அந்த இனம் பிழைத்துக்கொண்டது" என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். இன்னொரு நாள், "உலகத்திலேயே இன்னும் முப்பதுதான் மிச்சம்" என்று படித்தால், "இனி அவ்வளவுதான்" என்று கைவிட்டுவிடுகிறோம். இரண்டுமே எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லும் தீர்ப்புகள். எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது எதனால் இறங்கியது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா, மிஞ்சியவை எங்கே எப்படி வாழ்கின்றன என்று கேட்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோவோம்.

எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு பழைய கதை. ஹீத் கோழி என்று ஒன்று இருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதிகளில் ஏராளமாகத் திரிந்த, புல்வெளிக்கோழி வகையின் ஒரு கிளையினம். வேட்டையாடி வேட்டையாடி, கடைசியில் மார்த்தாஸ் வின்யார்டு என்ற ஒரே ஒரு தீவில் மட்டும் மிஞ்சியது. 1908இல் அதற்கென்று அங்கே ஒரு காப்பிடம் ஒதுக்கினார்கள். அப்போது இருந்தவை எழுபதுகூடத் தேறாது. வேட்டை நின்றதும் மளமளவென்று பெருகி, எட்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 2,000 ஆகிவிட்டன. இன்றைக்கு இப்படி ஒரு கணக்கு வந்தால் நாம் எல்லோரும் கொண்டாடியிருப்போம், நானும்தான்.

1916இல், அதுவும் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தீவில் பெருந்தீ பிடித்தது. அதற்கடுத்த குளிர்காலம் கடுமையாக இருந்தது, வைரி எனும் வேட்டைப் பறவைகளும் அந்த ஆண்டு நிறைய வந்து சேர்ந்தன. பிறகு வளர்ப்புக் கோழிகளிடமிருந்து நோய் தொற்றியது. தப்பிப் பிழைத்தவற்றில் பெரும்பாலானவை சேவல்கள். 1932 மார்ச் 11 அன்று ஒற்றைச் சேவல் ஒன்றைப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு யாரும் எதையும் பார்க்கவில்லை. எழுபதிலிருந்து இரண்டாயிரம், இரண்டாயிரத்திலிருந்து பூஜ்யம், எல்லாம் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குள்.

இரண்டாயிரம் பறவைகள் ஏன் போதவில்லை? அதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்: ஓர் இனம் ஏன் குறைகிறது என்பது ஒன்று, குறைந்துபோன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு சிக்கல், மருந்தும் வேறு வேறு.

ஓட்டைக் குடமும் குழாயும்

குழாயடியில் ஒரு ஓட்டைக் குடத்தை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து விழும் தண்ணீர் பிறப்பு, அடியில் ஒழுகுவது இறப்பு. ஒழுகுவது அதிகமானால் மட்டம் இறங்கும். ஓர் இனம் அருகிப்போவது என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். மட்டம் இறங்குவதைப் பார்த்ததும் நம் மனசு முதலில் குழாயைத்தான் தேடுகிறது: இன்னும் திறந்துவிடலாமே, கூண்டில் வைத்து நிறையக் குஞ்சு பொரிக்க வைக்கலாமே என்று. ஓட்டையைக் கண்டுபிடிப்பது கடினம், சலிப்பான வேலை, செய்தியில் போடுகிற மாதிரி அழகான படமும் அதில் கிடைக்காது. ஆனால் உண்மையில் பெரும்பாலான மீட்புகள் அங்கேதான் ஜெயித்திருக்கின்றன.

தெற்காசியாவின் பாறு கழுகுகளை எடுத்துக்கொள்வோம். இறந்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பறவைகள், ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்ததாகக் கணக்கு. 1990களில் திடீரென்று செத்து விழத் தொடங்கின. கழுத்து தொங்கிப்போய், நாள்கணக்கில் கிளையில் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு விழும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியது. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல், இதயம் என்று உள்ளுறுப்புகள் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படிவு. சிறுநீரகம் வேலை செய்யாமல் போய் யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே படிந்திருந்தது. காரணம் 2004இல் தெரியவந்தது. பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் அது டைக்ளோஃபினாக் என்று கண்டுபிடித்தார்கள். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடுகிற சாதாரண மருந்து. ஊசி போட்ட கொஞ்ச நாளில் மாடு இறந்தால் அந்த இறைச்சி பாறுகளுக்கு நஞ்சு.

இதில் என்னை மிகவும் உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்கத் தேவையில்லை, அதைவிடக் குறைவாக இருந்தாலே இந்த அளவுக்கு வீழ்ச்சி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பாறுகள் கூட்டமாக வந்து தின்பவை, ஒரே சடலத்தில் டஜன் கணக்கில் உட்காரும். அப்புறம் அவை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஓட்டை சின்னதுதான், ஆனால் குழாயில் வருவதே சொட்டுச் சொட்டாக.

கால்நடைகளுக்கு இந்த மருந்தைப் பயன்படுத்துவதை 2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் தடைசெய்தன. பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருந்தது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் பெரிய குப்பிகளில் கிடைத்ததால் அதையே வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். எனவே 2015இல் இந்திய அரசு குப்பியின் அளவையே 3 மில்லியாகக் குறைத்தது, மாட்டுக்குப் போட வேண்டுமென்றால் நிறையக் குப்பிகளை உடைக்க வேண்டியிருக்கும் என்பதால். ஒரு பறவையைக் காப்பாற்றுவதற்கும் மருந்துக் குப்பியின் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதானே அடைக்க வேண்டும்? நேபாளத்தில் அந்த மருந்து புழக்கத்திலிருந்து நன்றாக ஒழிந்த பகுதிகளில் பாறுகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது.

முதலும் வட்டியும்

எல்லா இறப்பும் ஒரே கணக்கு அல்ல. யானை, திமிங்கலம், பாறு, கடலாமை போன்றவை நீண்ட காலம் வாழும், மெதுவாகப் பெருகும். வயது வந்த விலங்குகள் இங்கே முதல், ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள் வட்டி. ஒரு வருஷம் வட்டி வராவிட்டாலும் சமாளிக்கலாம். முதலே கரைந்தால் எங்கிருந்து வட்டி வரும்? எலி, முயல் மாதிரி வேகமாகப் பெருகுபவற்றுக்குக் கதையே வேறு, அவை நிறையச் செத்தாலும் ஒரே பருவத்தில் ஈடுகட்டிவிடும்.

அமெரிக்காவில் பெருந்தலைக் கடலாமைகளைக் காக்கப் பல ஆண்டுகள் கடற்கரைக் கூடுகளைத்தான் காவல் காத்தார்கள். முட்டையைக் காப்பது கண்ணுக்குத் தெரிகிற, மனசுக்கு நிறைவான வேலை. 1987இல் வந்த ஓர் ஆய்வு ஒவ்வொரு வயதிலும் எத்தனை ஆமைகள் பிழைக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்த்து, முட்டைகளை முழுக்க முழுக்கக் காப்பாற்றினாலும் அந்த இனத்தின் சரிவு நிற்காது என்று காட்டியது. உண்மையான ஓட்டை கடலில் இருந்தது. இறால் பிடிக்கும் இழுவலைகளில் வளர்ந்த ஆமைகளும் இனப்பெருக்க வயதை நெருங்கிக்கொண்டிருந்தவையும் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துகொண்டிருந்தன. அதற்கான தீர்வு வலைக்குள் ஒரு கம்பித் தடுப்பு, அதை ஒட்டி ஒரு திறப்பு. இறால் கம்பி இடுக்கில் நழுவி வலையின் கோடிக்குப் போய்விடும், ஆமை தடுப்பில் முட்டித் திறப்பு வழியாக வெளியே போய்விடும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: முதலில் எது கொல்கிறது என்று தெரிய வேண்டும், பிறகு எந்த வயதில் கொல்கிறது என்று தெரிய வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் செய்கிற உதவி, எவ்வளவு அன்போடு செய்தாலும், பக்கத்துக் குடத்தில் போய் விழலாம்.

குறைந்துபோன பிறகு என்ன ஆகிறது

சரி, ஓட்டையை அடைத்துவிட்டோம், ஆனால் அடைப்பதற்குள் எண்ணிக்கை மிகவும் கீழே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது புதிதாகச் சில சிக்கல்கள் முளைக்கும், குறைவாக இருப்பதனாலேயே வரும் சிக்கல்கள்.

ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் எட்டோ அதற்கு மேலோ ஒரே பக்கமாக விழுவதற்கு ஒன்பதில் ஒன்று என்ற அளவுக்கு வாய்ப்பு உண்டு. ஆயிரம் தடவை சுண்டினால் எண்ணூறு ஒரே பக்கமாக விழவே விழாது. பிறக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் இப்படித்தான். ஆயிரம் குஞ்சு பொரிக்கும் இனத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, பத்துக் குஞ்சு பொரிக்கும் இனத்துக்கு இதுவே முடிவாகிவிடலாம். ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலங்களில் டஸ்கி சீசைட் என்றொரு குருவியினம் இருந்தது. 1980 வாக்கில் எஞ்சியதாகத் தெரிந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அத்தனையும் ஆண். கடைசிக் குருவி 1987இல் இறந்தது. அது உயிரோடு இருந்தபோதே அந்த இனத்தின் கதை முடிந்துவிட்டிருந்தது.

இரண்டாவது, கூட்டமாக வாழ்ந்தால்தான் வாழ முடியும் என்கிற விலங்குகளின் சிக்கல். ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் சேர்ந்து வேட்டையாடும், அந்த நேரத்தில் யாராவது குட்டிகளுக்குக் காவல் இருக்க வேண்டும். கூட்டம் சிறுத்துவிட்டால் காவலுக்கு ஒன்றை நிறுத்தினால் வேட்டைக்கு ஆள் போதாது, எல்லாமே வேட்டைக்குப் போனால் குட்டிகள் தனியாக. இப்படி எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொன்றும் பிழைக்கும் வாய்ப்பும் சேர்ந்தே குறைவதை, அதை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் வார்டர் கிளைட் அல்லீயின் பெயரால் அல்லீ விளைவு என்பார்கள்.

மூன்றாவது இரத்த உறவு. ஒவ்வொரு உயிருக்குள்ளும், உடலைக் கட்டுவதற்கான குறிப்புகளாகிய மரபணுக்கள் இரண்டு தொகுப்பாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் மாதிரி. எல்லாப் பிரதியிலும் எங்காவது ஓரிரு பக்கம் கிழிந்திருக்கும், அது சகஜம். ஒன்றில் 40ஆம் பக்கம் இல்லை, மற்றதில் 112ஆம் பக்கம் இல்லை என்றால் இதைப் பார்த்து அதையும் அதைப் பார்த்து இதையும் வாசித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டுமே ஒரே கிழிந்த பிரதியைப் பார்த்து எழுதியவை என்றால்? 40ஆம் பக்கம் இரண்டிலும் இருக்காது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகும்போது நடப்பது இதுதான், இதை உள்ளினப்பெருக்கம் என்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் இருந்த பூமாக்கள் (பூனைக் குடும்பத்துப் பெரிய வேட்டை விலங்கு) இருபதிலிருந்து முப்பதுக்குள். பலவற்றின் வால் நுனி கொக்கி போல் வளைந்திருந்தது, பார்க்க வினோதமாக இருக்கும். உள்ளே இதயத்தில் ஓட்டை, ஆண்களுக்கு விரை கீழே இறங்காத குறை, தரமில்லாத விந்து. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி போட்டன. கலப்பில் பிறந்த குட்டிகள் நன்றாகப் பிழைத்தன, அந்தக் குறைகள் குறைந்தன, சுமார் பத்து ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்கானது. வெளியிலிருந்து புது இரத்தம் சேர்த்து ஓர் இனத்தைத் தூக்கிவிடும் இந்த முறைக்கு மரபணு மீட்பு என்று பெயர். (இன்று அந்தப் பூமாக்களைக் கொல்வதில் முதலிடம் சாலையில் விரையும் வண்டிகளுக்கு. மரபணு சரியானாலும் சாலை சாலைதான்.)

இந்த மூன்றும் தனித்தனியாக நிற்பதில்லை என்பதுதான் கொடுமை. உறவுக்குள் பெருகினால் குட்டிகள் பலவீனமாகும், பலவீனமானால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் உறவு இன்னும் நெருங்கும், இதற்கிடையில் ஒரு தீயோ நோயோ வந்தால் தாங்காது. ஆற்றுச் சுழியில் மாட்டியது போல உள்ளே போகப் போக இழுப்பு வேகமாகும். அழிவுச் சுழி என்று இதைச் சொல்கிறார்கள். ஹீத் கோழி இதில்தான் மாட்டியது: எல்லாப் பறவைகளும் ஒரே தீவில், ஒரே தீக்கு எட்டும் தூரத்தில்.

தலைக்கணக்கு பாதிதான்

நூறு மான்கள் இருக்கின்றன, அதில் ஐந்து ஆண், தொண்ணூற்று ஐந்து பெண் என்றால் தலைக்கணக்கு நூறு. ஆனால் அடுத்த தலைமுறையின் எல்லாக் குட்டிக்கும் அப்பா அந்த ஐந்தில் ஒன்று. மரபணுக் கணக்கில் இந்த நூறு மான்கள், ஆணும் பெண்ணும் சரிசமமாக உள்ள வெறும் 19 மான்களுக்குச் சமம். இதைப் பயனுறு எண்ணிக்கை என்பார்கள். ஐந்து ஆணும் அண்ணன் தம்பி என்றால் இன்னும் மோசம்.

சிவப்புப் பட்டியல் உண்மையில் எதை அளக்கிறது

சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1964 முதல் நடத்திவரும் சிவப்புப் பட்டியலில், ஆபத்து ஏற ஏற, அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் என்று படிநிலைகள் உண்டு. "இவ்வளவு இருக்கிறதே, இதைப் போய் அருகிய இனம் என்கிறார்களே" என்று பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எவ்வளவு பரப்பில் மிஞ்சியிருக்கிறது என்பதையும் பார்க்கிறது. பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், எது நீளமோ அதில், எண்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தால் மிக அருகிய இனம் என்று சொல்லிவிடலாம், ஆயிரக்கணக்கில் மிச்சம் இருந்தாலும்கூட. வெண்முதுகுப் பாறு அப்படித்தான் 2000இலேயே அந்தப் படிக்குப் போனது. காய்ச்சல் எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்றும் மருத்துவர் பார்ப்பதைப் போலத்தான் இது.

கூண்டில் வளர்ப்பது எதற்கு

இப்போது அந்தக் குட்டி போட்ட செய்திக்கு வருவோம். கூண்டில் வளர்ப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் இன்று சில இனங்களே இல்லை. கலிஃபோர்னியா காண்டார் என்ற ராட்சதப் பிணந்தின்னிப் பறவை 1982இல் மொத்தமே 22. கடும் விவாதத்துக்குப் பிறகு, 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் சேர்த்தார்கள், அப்போது 27. காண்டார் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும், ஆனால் அந்த முட்டையை எடுத்துவிட்டால் இன்னொன்று இடும். எடுத்த முட்டையை அடைகாப்பானில் வைத்துப் பொரித்தார்கள். குஞ்சு மனிதரைப் பெற்றோர் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, காண்டார் தலை போலச் செய்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, தங்கள் உருவம் தெரியாமல் தடுப்புக்குப் பின்னால் நின்று இரை ஊட்டினார்கள். மணிக்கணக்கில், நாள்கணக்கில், ஒவ்வொரு குஞ்சுக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது. 1992 முதல் காட்டில் விடத் தொடங்கினார்கள், இன்று மொத்தம் 500க்கு மேல், அதில் பாதிக்கும் மேல் வெளியில் பறக்கின்றன.

ஆனால் ஓட்டை அடைபடவில்லை. வேட்டைக்காரர்கள் சுட்ட விலங்கின் உடலில் சிதறிய ஈயத் துணுக்குகள் இரையோடு சேர்ந்து உள்ளே போய், இன்றும் காண்டார்களைக் கொல்கின்றன. கலிஃபோர்னியா 2019இல் வேட்டைக்கு ஈயத் தோட்டா பயன்படுத்துவதை முழுமையாகத் தடைசெய்தது, காண்டார் பறக்கும் மற்ற இடங்களிலெல்லாம் அப்படி இல்லை. ஆகவே காட்டுப் பறவைகளைத் திரும்பத் திரும்பப் பிடித்து இரத்தத்தில் ஈயம் பார்த்து, கூடியிருந்தால் சிகிச்சை தந்து விடுகிறார்கள். அந்தக் கைகள் நாளைக்கே விலகினால் எண்ணிக்கை மறுபடி இறங்கும்.

கூண்டிலிருந்து பழைய வாழிடத்துக்குத் திருப்பி விடுவதை மறு அறிமுகம் என்கிறார்கள். அதில் பெரிய பாடம் அரேபிய ஓரிக்ஸ். நீண்ட நேரான கொம்புள்ள வெள்ளை மான், பாலைவனத்தில் வாழ்வது. காட்டிலிருந்த கடைசி ஓரிக்ஸ் 1972இல் சுடப்பட்டது. நல்லவேளையாக அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே சிலவற்றைப் பிடித்து வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1982இல் ஓமான் பாலைவனத்தில் திரும்ப விட்டபோது உலகமே மகிழ்ந்தது, 1996க்குள் நானூறைத் தாண்டின. பிறகு தனியார் சேகரிப்புகளுக்கு விற்பதற்காகத் திருட்டுத்தனமாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். 2007இல் அங்கே எஞ்சியவை 65, இனப்பெருக்கத்துக்கு ஏறக்குறைய நான்கே ஜோடிகள். அந்தச் சரணாலயத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது, அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். அப்படியும் இனம் அழியவில்லை. ஏனென்றால் சவூதி அரேபியா உள்ளிட்ட வேறு இடங்களிலும் ஓரிக்ஸ் விடப்பட்டிருந்தது. 2011இல் அது சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனம் என்ற, ஆபத்து குறைந்த படிக்கு வந்தது. காட்டில் அற்றுப்போன நிலையிலிருந்து அந்த அளவுக்கு மீண்ட முதல் விலங்கு.

ஹீத் கோழியையும் ஓரிக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஓரிடத்தில் பேரிடி விழுந்தது. ஓரிக்ஸுக்கு மட்டும் இன்னோர் இடம் இருந்தது.

பக்கத்தில் வாழும் மனிதர்கள்

அஸ்ஸாமில் ஹர்கிலா என்று ஒரு பெரிய நாரை உண்டு. ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வரும், தலை வழுக்கை, குப்பை மேட்டில் இரை தேடும். கூடு கட்டுவது ஊருக்குள், வீட்டுக் கொல்லையில் உயரமாக நிற்கும் மரங்களில். எச்சமும் அழுகிய இறைச்சித் துண்டுகளும் முற்றத்தில் விழும் என்பதால் மக்கள் மரத்தையே வெட்டிவிடுவார்கள். 2007இல் அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டு ஒன்பது குஞ்சுகள் கீழே விழுந்ததைப் பார்த்த உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன், அந்த ஊர்ப் பெண்களிடம் பேசத் தொடங்கினார். இங்கே காப்பகம் அமைக்க முடியாது, மரம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. கூடு கட்டும் பருவத்தில் ஹர்கிலாவுக்கு வளைகாப்பு நடத்தினார்கள், அதன் உருவத்தைச் சேலையில் நெய்தார்கள், மரத்தடியில் வலை கட்டி விழும் குஞ்சுகளைப் பிடித்தார்கள். ஹர்கிலா படை என்றே அந்தப் பெண்களுக்குப் பெயர் வந்துவிட்டது. அருவருப்பாகப் பார்த்த பறவை அவர்கள் வீட்டுப் பறவையானது. முப்பதுக்கும் குறைவாக இருந்த கூடுகள் இருநூறைத் தாண்டின. அருகிய இனமாக இருந்த ஹர்கிலா 2023இல் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புக்கும் கீழான படிக்கு, அதாவது ஆபத்து குறைந்த பக்கம் வந்தது.

ஓட்டை சில சமயம் மருந்தில் இருக்கும், சில சமயம் வலையில், சில சமயம் ஓர் அரிவாளில். அரிவாள் பிடித்த கையோடு சண்டை போட்டு அடைத்ததைவிட, பேசி அடைத்தது அதிக நாள் நிற்கிறது என்பது என் எண்ணம்.

எப்போது கையை எடுப்பது

கடைசியாக ஒன்று, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நியூசிலாந்தின் சாதம் தீவுகளில் கருப்பு ராபின் என்ற சிறு பறவை 1980இல் உலகத்திலேயே ஐந்துதான். அவற்றில் வெற்றிகரமாகக் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்த பெண் ஒன்றே ஒன்று. காலில் கட்டிய நீல வளையத்தால் ஓல்ட் புளூ என்று பெயர், அந்த இனத்துக்குக் கிழவியென்றே சொல்ல வேண்டிய வயது. டான் மெர்ட்டன் குழுவினர் அதன் முட்டைகளை எடுத்து, அங்கேயே வாழும் டாம்டிட் என்ற வேறொரு சிறு பறவையின் கூட்டில் வைத்தார்கள். ராபின் மறுபடி முட்டையிட்டது, டாம்டிட் அந்தப் பிள்ளைகளை வளர்த்தது. ஆனால் அப்படி வளர்ந்த சில ராபின்கள் தங்களையும் டாம்டிட் என்றே நினைத்துக்கொண்டன. ஆகவே பறக்கும் முன்பே குஞ்சுகளை ராபின் கூட்டுக்கே திரும்பக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

அப்புறம் ஒரு வினோதம் நடந்தது. சில பெண் பறவைகள் முட்டையைக் கூட்டின் நடுவில் இடாமல் விளிம்பில் இட்டன. விளிம்பில் கிடக்கும் முட்டையை அவை அடைகாக்காது, அது வீணாகிவிடும். ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த நேரம், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கு மனசு வரும்? மெதுவாக உள்ளே தள்ளிவைத்தார்கள். முட்டை பொரிந்தது, குஞ்சு வளர்ந்தது, விளிம்பில் இடும் பழக்கமும் மரபணு வழியாக அதற்குப் போனது. இயற்கையில் விட்டிருந்தால் அந்தப் பழக்கம் அந்த முட்டையோடேயே போயிருக்கும். 1989க்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண் பறவைகள் விளிம்பில் முட்டையிட்டன. இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால், மனிதர் வந்து தள்ளிவைக்காவிட்டால் முட்டையே பொரிக்காத ஓர் இனமாகியிருக்கும்.

அதற்குள் எண்ணிக்கை நூறைத் தாண்டியிருந்ததால் துணிந்து நிறுத்தினார்கள். விளிம்பில் விழுந்தவை விளிம்பிலேயே கிடந்தன. அந்தக் கூடுகளைப் பார்த்தும் தொடாமல் திரும்பி நடப்பது அந்த மனிதர்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அடுத்த தலைமுறைகளில் அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. இன்று இரண்டு தீவுகளில் இருநூற்றுச் சொச்சம் கருப்பு ராபின்கள் இருக்கின்றன, அத்தனையும் ஓல்ட் புளூவின் வழியில் வந்தவை, தங்கள் முட்டைகளைத் தாங்களே அடைகாக்கின்றன.